துண்டு மூடிய ஆறு கழுத்துகள்

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆடி மாதம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை. வயது இருபத்தாறு. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, அங்கிருந்து பொடிநடையாகப் போய்விடுவேன். அந்தக் காலத்தில் ஸ்கேன் என்றாலே ஜனங்களுக்கு வயிற்றுப் பிள்ளைதான் ஞாபகம் வரும். நானோ கழுத்துக்கு ஸ்கேன் எடுப்பவள். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன், ஏனென்றால் இந்தச் சம்பவத்தில் நன்றாக உதை வாங்கியது அதுதான்.

கழுத்தில் என்ன ஸ்கேன் என்று கேட்பீர்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. வயதாக ஆக அதன் சுவர் தடிக்கும். அந்தத் தடிமனைப் பார்த்தால் இதயத்துக் குழாய்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று ஓரளவு ஊகிக்கலாம். எங்கள் டாக்டர் வெளியூரில் மேல்படிப்பு முடித்துவிட்டு வந்தவர், சாந்தமான மனிதர், ஆராய்ச்சி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். எங்கள் பேச்சில் எஸ்டேட் என்கிற அந்தத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இருநூறு பேருக்கு இப்போது ஒரு தடவை அளப்பது, இரண்டு வருஷம் கழித்து அதே ஆட்களை மறுபடி அளப்பது, யாருக்குத் தடித்திருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் அவர் திட்டம். அளக்கும் வேலை முழுக்க என்னுடையது.

கழுத்தில் ஜெல் தடவி, கருவியை வைத்தால் திரையில் குழாய் தெரியும். அதன் அடிப்பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே மெல்லிய கறுப்புப் பட்டை. படத்தை நிறுத்தி, முதல் கோட்டில் ஒரு கூட்டல் குறி, இரண்டாவது கோட்டில் ஒரு கூட்டல் குறி வைக்க வேண்டும். திரையின் மூலையில் மில்லிமீட்டர் கணக்கு வந்து நிற்கும். இரண்டு கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒன்றாகப் பிடித்தால் எவ்வளவு கனமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தச் சுவர்.

டாக்டர் எனக்குப் போட்டிருந்த உத்தரவு ஒன்றே ஒன்று. அந்த எண்ணை வந்தவர்களிடம் சொல்லக் கூடாது. இது ஆராய்ச்சிக்கு எடுக்கிற கணக்கு, வைத்தியம் பார்க்கிற கணக்கு இல்லை என்பார். ஆனால் வருகிறவர்கள் யார்? காலையிலிருந்து சாயங்காலம் வரை, மயிரிழைக் கனத்தையும் அளக்கிற மைக்ரோமீட்டரும் கையுமாக நிற்கிறவர்கள். அவர்களிடம் "அளந்தாச்சு, போய்ட்டு வாங்க" என்றால் நகர்வார்களா? எவ்வளவு வந்தது என்று கேட்காமல் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டார்கள். எனக்கும் சொல்வதில் ஓர் ஆசை. டாக்டர் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அப்படி ஒருநாள் மத்தியானம் வந்தவர் கள்ளிக்குப்பத்துக்காரர். முப்பத்தெட்டு வயது, இரும்பைக் கடைகிற லேத் மெஷினில் ஆபரேட்டர், திடமான ஆள். சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது, இன்னும் பத்து நிமிஷத்தில் கம்பெனியில் சங்கு ஊதிவிடும் என்று அவசரப்படுத்தினார். எனக்கும் பசி. அவசர அவசரமாக அளந்து முடித்தேன்.

"எவ்ளோ மேடம் வந்துகீது?" என்றார்.

"ஒன்று பாயிண்ட் ஒன்று."

"லிமிட் எவ்ளோ?"

"உங்க வயசுக்குப் பாயிண்ட் ஏழு, எட்டுக்குள்ள இருந்தா நல்லது."

கழுத்தில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் ரிஜெக்ட்டா?" என்றார்.

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். நானும் சிரித்துக்கொண்டே, "அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்" என்றேன். அவரும் லேசாகச் சிரித்துவிட்டுப் போனார். நான் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அன்றைக்கு எலுமிச்சை சாதம் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதரின் முகம்தான் அன்று சாயங்காலமே மறந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஒரு அக்கா வந்து நின்றார். நீல நிற கம்பெனிக் கோட்டு, சட்டைப்பையில் இரண்டு மூன்று பேனா, வயிறு மேடிட்டிருந்தது, ஐந்தாம் மாதம் இருக்கும். வந்த வேகத்தைப் பார்த்ததும் வாசலில் இருந்த ஆயா எழுந்து வழிவிட்டார்.

"நீங்கதான கழுத்து ஸ்கேன் எடுக்கறவங்கோ? எங்க ஊட்டுக்காரர்கிட்ட இன்னா சொன்னீங்கோ? பத்து நாளா மன்சன் கழுத்த ஆட்டாம கீறாரு."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை உற்றுப் பார்த்த பிறகுதான் அந்த லேத் ஆபரேட்டர் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, இவர் தலையைத் திருப்பவில்லை. இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பிப் பதில் சொன்னார். நிறைகுடத்தைத் தலையில் வைத்திருப்பவர் போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அக்கா சிரிக்கவில்லை.

அக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. கழுத்தைத் திருப்பினால் உள்ளே குழாய் வெடித்துவிடும் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். சைக்கிள் ஏறுவதில்லை. சாப்பிடும்போது குனியக் கூடாது என்று தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு சாப்பிடுகிறார். மேஸ்திரி கூப்பிட்டால் மெஷினை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்புகிறார். அது கூடப் பரவாயில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் வயிற்றில் தங்கிய குழந்தை அது. அதற்குப் பேர் யோசிக்க வேண்டிய மனிதர், தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, "நான் இல்லன்னாலும் அண்ணிய பாத்துக்கோ, பொறக்கறத நீதான் ஸ்கூல்ல சேக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் கரகரத்தது. அப்புறம்தான் அவர் கேட்டார்.

"ரிஜெக்ட்னு சொன்னீங்களாமே. எங்க எஸ்டேட்ல அந்த வார்த்த இன்னான்னு தெரியுமா மேடம்? செவப்பு பெயின்ட் அடிச்சு ஸ்கிராப் தொட்டில போட்டுடுவாங்கோ."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் டாக்டர். நான் எண்ணைச் சொன்ன விஷயம் அங்கேயே உடைந்துபோனது. அவர் என்னைத் திட்டவில்லை, ஒரு பார்வை பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம். பிறகு லேத் ஆபரேட்டரை உள்ளே உட்காரவைத்து, இது நோய் என்று அர்த்தமில்லை, கழுத்தைத் தாராளமாகத் திருப்பலாம், எதுவும் வெடிக்காது என்று பொறுமையாக விளக்கினார். அந்த மனிதர் முழு உடம்போடு என் பக்கம் திரும்பி, மறுபடி டாக்டர் பக்கம் திரும்பி, "ஆறுதலுக்கு சொல்றீங்கோ சார். அளவு அளவுதான்" என்றார்.

அவருக்கு வார்த்தையில் நம்பிக்கை இல்லை, அளவில்தான் நம்பிக்கை. அவர் மனைவிக்கு அது தெரிந்திருந்தது. அக்காவுக்கு ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. செய்து வரும் பாகங்களை அளந்து, தேறுமா தேறாதா என்று பிரிப்பது. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி என்பதால் அங்கே பாகத்தை அளப்பதற்கு முன்னால் அளக்கிற கருவியையும், அளக்கிற ஆளையும் சோதிப்பார்களாம். என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை தடவை அளந்தீங்கோ? ஒரு தடவை. யாரு அளந்தது? நான் மட்டும். இந்த மெஷின் காட்டுறதுலயே சின்ன அளவு எவ்ளோ? பாயிண்ட் ஒன்று.

அக்கா அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எதை அளக்கிறோமோ அதில் பார்க்க வேண்டிய வித்தியாசத்தை விடப் பத்து மடங்கு நுணுக்கமாகக் கருவி காட்ட வேண்டும் என்பது அவர்கள் கம்பெனிச் சட்டமாம். பாயிண்ட் ஒன்றுக்குக் கீழே காட்டத் தெரியாத மெஷினை வைத்துக்கொண்டு, பாயிண்ட் ஏழு நல்லவன், பாயிண்ட் ஒன்பது கெட்டவன் என்று எப்படிச் சொல்வீர்கள் என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம். "இது இரும்பு இல்லைங்க, மனுஷ உடம்பு" என்றேன். "அப்ப இன்னும் ஜாக்கிரதையா அளக்கணும்" என்றார். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே எனக்கும் டாக்டருக்கும் பரீட்சை வைப்பது என்று முடிவானது. அக்கா தன் கம்பெனியிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்தார். அவர் கணவரோடு ஆறு. எல்லார் முகத்தையும் துண்டால் மூடி, கழுத்து மட்டும் தெரியப் படுக்கவைப்பது. துண்டுச் சீட்டு எடுத்து வரிசையைக் கலைத்துக் கலைத்து அனுப்புவது. ஒவ்வொரு கழுத்தும் இரண்டு தடவை என் கைக்கு வரும், இரண்டு தடவை டாக்டர் கைக்குப் போகும். யார் கழுத்து என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. திரையின் மூலையில் எண் வருகிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். நான் குறி வைத்ததும் அக்கா பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டு, மறுபடி ஒட்டிவிடுவார். எனக்கு என் எண்ணே தெரியாது.

அன்றைக்கு நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் ஆள் கழுத்தில் ஒரு மச்சம். "இவர் மறுபடி வந்தா கண்டுபிடிச்சிடுவேனே" என்று நான் உளறிவிட, அக்கா மச்சத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். ஒருவருக்கு மட்டும் ஒட்டினால் அதுவே அடையாளம் என்று மீதி ஐந்து பேருக்கும் அதே இடத்தில் ஒட்டினார். அடுத்தவர் துண்டுக்குள்ளேயே குறட்டை விட்டார். அதிலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவரை எழுப்பி டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான்காவது ஆள் வந்து படுத்ததுமே நான் சொல்லிவிட்டேன், இவர்தான் உங்கள் வீட்டுக்காரர் என்று. மரக்கட்டை மாதிரி கழுத்தை விறைத்துக்கொண்டு வேறு யார் படுப்பார்கள்? அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் வெளியே போய் மற்ற ஐந்து பேரிடமும், "எல்லாரும் கழுத்த விறைச்சிகினு வந்து படுங்கடா" என்று உத்தரவு போட்டார். அதற்கப்புறம் வந்த கழுத்தெல்லாம் ஒரே விறைப்பு. மறுபடி சீட்டைக் கலைத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். துண்டுக்குள்ளே இருந்து, "மாமே, எனக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனைக்கிறேன், கழுத்து வலிக்குது" என்று ஒரு குரல். அறை முழுக்கச் சிரிப்பு. லேத் ஆபரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்தால் கழுத்து ஆடிவிடுமே.

மத்தியானம் ஆனது. அக்கா நோட்டை மேஜையில் விரித்து வைத்தார். ஒரே ஆளின் ஒரே கழுத்து, எனக்கு முதல் தடவை 0.6, இரண்டாம் தடவை 0.8. இன்னொருவருக்கு 0.9, அப்புறம் 0.7. இரண்டே பேருக்குத்தான் இரண்டு தடவையும் ஒரே எண் வந்திருந்தது. நான் வேலையை விட்டே போய்விடலாமா என்று யோசிக்கும்போது டாக்டர் தன் வரிசையைப் பார்த்து, "அட, நான் உங்களை விட மோசம்மா" என்றார். உண்மைதான். ஒரு கழுத்துக்கு அவர் 0.6 என்றும் 1.0 என்றும் எழுதவைத்திருந்தார். அந்த நேரத்திலும் எனக்குள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

அக்காவுக்கு எங்களைக் கேலி செய்யத் தோன்றவில்லை. பேனாவால் வரிசைகளைத் தொட்டுக் காட்டி, "இந்த ஆறு பேருக்குள்ள கீற வித்தியாசத்த விட உங்க கை வித்தியாசம் பெருசா கீது மேடம். இத வெச்சிகினு யாரு தேறுவான், யாரு தேற மாட்டான்னு எப்டி பிரிப்பீங்கோ?" என்றார். எந்த ஆராய்ச்சிக்காரரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவர் கணவருடைய எண்கள்? என் கையில் 0.7, 0.8. டாக்டர் கையில் 0.7, 0.7. அன்று மத்தியானம் நான் சொன்ன ஒன்று பாயிண்ட் ஒன்று எங்கேயும் இல்லை.

ஆனால் மனிதர் அதற்கும் மசியவில்லை. "இது சரின்னா அது எப்டி வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொருவரின் படத்தையும் சின்னக் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருப்போம். அலமாரியிலிருந்து அவருடையதைத் தேடி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. கழுத்துக் குழாய் மேலே போய் இரண்டாகப் பிரியும். பிரிவதற்கு முன்னால் கொஞ்சம் புடைத்திருக்கும், அந்த இடத்தில் எல்லோருக்குமே சுவர் தடிப்பாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நேரான இடத்தில் அளப்பதுதான் முறை. நான் சங்கு ஊதப் போகிற அவசரத்தில் புடைப்பின் மேலேயே குறி வைத்திருக்கிறேன். போதாததற்குக் கருவியையும் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். வாழைத்தண்டைச் சாய்த்து வெட்டினால் வில்லை பெரிதாக வருமே, அப்படி.

அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அறையில் இரண்டே பேர். டாக்டர் அப்போது அக்காவின் நோட்டில் மூழ்கியிருந்தார். மெஷின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனிதர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. "மெஷின் மேலயும் இல்லை, உங்க மேலயும் இல்லை. தப்பான இடத்துல அளந்தது நான்தான். ரிஜெக்ட்னு சொன்னதும் நான்தான். மன்னிச்சிடுங்க" என்றேன். புடைப்பின் மேல் நான் வைத்திருந்த குறியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, கழுத்தை இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். மேலே பார்த்தார். கடைசியில் கீழே குனிந்து மனைவியின் வயிற்றைப் பார்த்தார். இத்தனை நாளாக அவர் குனியவே இல்லை அல்லவா? "இன்னாடி, இவ்ளோ பெருசாயிடுச்சு?" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார், கோட்டுப் பையிலிருந்து பச்சை மார்க்கரை எடுத்து, தேறிய பாகத்துக்கு வைப்பது போலவே அவர் கழுத்தில் ஒரு புள்ளி வைத்தார். மற்ற ஐந்து பேரும் துண்டைச் சுழற்றி விசிலடித்தார்கள். ஆயா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. டாக்டர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் வேலை வேறு மாதிரி ஆரம்பித்தது. அதுவரை அளந்த அத்தனை பேருடைய கணக்கையும் டாக்டர் ஒரு கோடு போட்டு அடித்தார். இனி எல்லோருக்கும் ஒரே இடம், மூன்று தடவை, மூன்றுக்கும் சராசரி. பத்தில் ஒருவரை அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு, பழைய எண்ணைப் பார்க்காமல் அளப்பது. எங்கள் கை எவ்வளவு தடுமாறுகிறது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிவைப்பது. அக்கா இரண்டு சனிக்கிழமை வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு என் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது, அதில் எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. டாக்டர் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்டது. ஆசைக்கு எண்ணைச் சொன்னவர்கள் ஞாபகத்துக்கு வந்த மட்டில் இன்னும் பதினொரு பேர். ஒவ்வொருவர் வீடாகச் சைக்கிளில் போனேன். நான் சொன்ன எண்ணை நம்பாதீர்கள், அது கூடக்குறைய இருக்கலாம், பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம், மறுபடி வாருங்கள் என்று சொன்னேன். பாதிப் பேருக்கு எண்ணே ஞாபகம் இல்லை, காபி கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளானூரில் ஒருவர்தான் சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கு நான் 0.5 என்று சொல்லியிருந்தேன். அதைத் தெரு முழுக்கச் சொல்லி, பையன்களை விட எனக்குக் குழாய் மெல்லிசு என்று தினம் ஒரு கட்டாக இருந்த பீடியை இரண்டு கட்டாக்கிக்கொண்டிருக்கிறார். "குடுத்த மார்க்க திருப்பி வாங்கறதுக்கு ஊடு தேடி வந்தியா நைனா?" என்று கத்தினார். ஆம்பளை, பொம்பளை பார்க்காமல் எல்லோரும் அவருக்கு நைனாதான். பயந்தவரை விட இவருக்குத்தான் நான் அதிகம் கெடுதல் செய்திருக்கிறேன் என்று அவர் வாசலில் நின்றபோது உறைத்தது. அந்த வாரமே பிடித்து இழுத்துவந்து மூன்று தடவை அளந்தேன். சராசரி என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. பீடியைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மார்கழியில் லேத் ஆபரேட்டர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். பிறந்த எடை என்ன என்று கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "ஆஸ்பத்திரில ரெண்டு பாயிண்ட் ஏழு கிலோன்னாங்கோ. நான் இன்னொருவாட்டி நிறுக்கச் சொன்னேன், ரெண்டு பாயிண்ட் எட்டு. மூணாவது வாட்டி கேட்டதுக்கு நர்ஸம்மா என்ன வெளிய அனுப்பிட்டாங்கோ" என்றார். கட்டிலில் படுத்திருந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதே, தையல் வலிக்கிறது என்று அவரை அதட்டினார்.

அதற்கப்புறம் எத்தனையோ மெஷின் மாறிவிட்டது, எண்கள் எத்தனையோ நுணுக்கமாக வருகின்றன. இன்றைக்கும் ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து "எவ்வளவு?" என்று கேட்கும்போது எனக்கு ஒரு நொடி கை நின்றுவிடும். நான் அரை நிமிஷத்தில் அளந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்ட ஓர் எண்ணை ஒரு மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோய், அதை நம்பி, பிறக்கப் போகும் தன் பிள்ளையைத் தம்பியிடம் ஒப்படைத்தார் என்ற நினைப்புதான், என்னை இன்றும் இரண்டாவது தடவை அளக்க வைக்கிறது.